பார்சன் ரஸ்ஸலா, ஜாக் ரஸ்ஸலா? உயரமும் குணமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் வீட்டில் இருப்பவள் சிட்டு. ஒன்பது வயது ஜாக் ரஸ்ஸல் டெரியர் நாய். பக்கத்து வீட்டில் இருப்பவள் ஹேசல், பார்சன் ரஸ்ஸல் டெரியர். இங்கிலாந்தின் டெவன் பகுதியில், எக்ஸிட்டருக்கு வெளியே, வயலோரப் பாதையில் இரண்டு பேரையும் சேர்த்து நடக்கக் கூட்டிப்போவது பல வருட வழக்கம். லீட்ஸில் இருக்கும் என் அண்ணன் மகள் குட்டி வாங்க ஆசைப்படுகிறாள். போன வாரம் போனில், "அத்தை, ரெண்டும் ஒண்ணுதானே? எது அழகா இருக்கோ அதை வாங்கிக்கிறேன்" என்றாள். அவளுக்குச் சொன்ன பதில்களோடு, வழியில் பார்ப்பவர்கள் என்னை நிறுத்திக் கேட்கும் கேள்விகளையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

இரண்டும் ஒரே இனமா, வேறு வேறா?

ஒரே வேரிலிருந்து வந்த இரண்டு கிளைகள். வேர் இந்த டெவன் மண்ணில்தான் இருக்கிறது. ஜான் ரஸ்ஸல் என்ற பாதிரியார் (ஆங்கிலத்தில் பார்சன்), 1795-ல் டார்ட்மத்தில் பிறந்தவர், எல்லோரும் ஜாக் என்று கூப்பிட்டவர், ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், 1819-ல், ஒரு பால்காரரிடம் வெள்ளை நிறப் பெண் டெரியர் ஒன்றைப் பார்த்து அங்கேயே விலைபேசி வாங்கிவிட்டார். அதன் பெயர் டிரம்ப். இரண்டு பக்கமும் கண் மேலும் காது மேலும் பழுப்புத் திட்டு, வால் தொடங்கும் இடத்தில் நாணய அளவு ஒரு பொட்டு, மற்றபடி முழு வெள்ளை. ரஸ்ஸல் வளர்த்த நாய்களின் வழி அந்த டிரம்பிலிருந்து தொடங்குகிறது. பிறகு அவர் வட டெவனில் ஸ்விம்பிரிட்ஜ் என்ற ஊரில் பல பத்தாண்டுகள் பாதிரியாராக இருந்தார். 1873-ல் இங்கிலாந்தின் கென்னல் கிளப்பை, அதாவது நாய் இனங்களை அங்கீகரித்துப் பதிவுசெய்யும் சங்கத்தை, தொடங்கியவர்களில் ஒருவர். 1883-ல் காலமானார். ஸ்விம்பிரிட்ஜில் அவர் பெயரில் இன்றும் ஒரு மதுக்கடை இருக்கிறது.

அவர் நாய்களுக்கு ஒரே வேலைதான். நரி வேட்டையில் குதிரைகளோடும் வேட்டை நாய்க் கூட்டத்தோடும் ஓட வேண்டும். நரி வளைக்குள் புகுந்துகொண்டால் தானும் உள்ளே போய், விடாமல் குரைத்து, அதை வெளியே விரட்ட வேண்டும். கொல்லக் கூடாது. நரி செத்துவிட்டால் அன்றைய ஓட்டம் முடிந்துபோகும். இந்த வேலையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உயரம், மார்பு, குரல், பிடிவாதம் எல்லாவற்றுக்கும் காரணம் இங்கேதான் கிடைக்கிறது.

உயரம் எவ்வளவு, எடை எவ்வளவு?

நாயின் உயரத்தை முதுகும் கழுத்தும் சேரும் இடத்திலிருந்து தரைவரை அளப்பார்கள். தலை கணக்கில் வராது. பார்சன் ரஸ்ஸலுக்கு ஆண் 36 செ.மீ., பெண் 33 செ.மீ. என்பது பிரிட்டனில் சொல்லும் சரியான அளவு. எடை பெரும்பாலும் 6 முதல் 8 கிலோ. ஜாக் ரஸ்ஸலுக்கு 25 முதல் 30 செ.மீ. எடைக்கு ஓர் எளிய கணக்கு உண்டு: ஒவ்வொரு 5 செ.மீ. உயரத்துக்கும் ஒரு கிலோ. 25 செ.மீ. நாய் 5 கிலோ, 30 செ.மீ. நாய் 6 கிலோ. வீடுகளில் வளரும் ஜாக்குகள் பல இதைத் தாண்டி ஏழு, எட்டு கிலோ இருக்கும். அதில் பாதி மேசையடியில் விழும் ரொட்டித் துண்டு.

செ.மீ. கணக்கில் பார்த்தால் ஆறேழுதான் வித்தியாசம், ஒரு கட்டைவிரல் நீளம். நேரில் பார்த்தால் அப்படித் தோன்றாது, ஏனென்றால் உடலின் அமைப்பே வேறு. பார்சன் பக்கவாட்டில் கிட்டத்தட்ட ஒரு சதுரம். கால் நீளமும் முதுகு நீளமும் ஒத்துப்போகும். ஜாக் நீள்சதுரம். உயரத்தைவிட உடல் நீளம் அதிகம். முதுகிலிருந்து மார்பின் அடிவரை எவ்வளவு ஆழமோ, முழங்கையிலிருந்து தரைவரை கால் அவ்வளவு. ஹேசல் வேலிப் பலகையின் மேல் முன்கால் வைத்து எட்டிப் பார்ப்பாள். சிட்டு அதே வேலியின் கீழ் இடுக்கில் மூக்கை வைப்பாள். இரண்டு பேரும் தேடுவது ஒரே அணிலைத்தான்.

மார்பைக் கையால் அளப்பார்களாமே?

ஆமாம். இந்த இனங்களைப் பற்றி நான் கற்றுக்கொண்டதிலேயே எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது. நாயின் பின்னால் நின்று, முன்கால்களை லேசாகத் தூக்கி, தோளுக்குச் சற்றுப் பின்னால் மார்பைச் சுற்றி இரண்டு கையையும் வைக்க வேண்டும். மேலே கட்டைவிரல்கள் தொட வேண்டும், கீழே மற்ற விரல்களின் நுனிகள் தொட வேண்டும். நடுத்தரமான கையில் அடங்கினால் சரியான மார்பு. லேசாக அழுத்தும்போது விலா எலும்புகள் உள்வாங்கி இளகிக் கொடுப்பதும் தெரியும். ஜாக் ரஸ்ஸலில் இந்தச் சுற்றளவு 40 முதல் 43 செ.மீ. இருக்கும்.

நரி தன் உடம்புக்கேற்ற அகலத்தில்தான் வளை தோண்டும். அதில் நுழையும் நாயின் மார்பு நரி மார்பைவிடப் பெரிதாக இருந்தால் உள்ளே சிக்கிக்கொள்ளும். டிரம்பின் அளவு வளர்ந்த பெண் நரியின் அளவு என்று அக்காலத்தவர் எழுதிவைத்ததற்குப் பொருள் அதுதான். கால் நீளம் பரவாயில்லை, மடக்கிக்கொள்ளலாம். மார்பை மடக்க முடியாது. அதனால்தான் உயரத்தில் வேறுபட்டாலும் மார்பளவில் இரண்டு இனமும் நெருங்கியே நிற்கின்றன. குட்டி பார்க்கப் போகும்போது தாயின் மார்பைக் கையால் அளந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். இனம் தெரிந்த பிரீடர் (குட்டி போட வைத்து விற்பவர்) என்றால் தாராளமாகத் தூக்கிக் காட்டுவார்.

அப்படியானால் குட்டைக் கால் எங்கிருந்து வந்தது?

வேலை மாறியதிலிருந்து. குதிரையோடு நாள் முழுக்க ஓட வேண்டியிருந்தவரை நீண்ட கால் தேவைப்பட்டது. பண்ணைகளில் எலி பிடிக்கவும், பையில் தூக்கிக்கொண்டுபோய் வளை வாசலில் இறக்கிவிடவும் குட்டையான நாயே வசதி. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வேட்டை குறைந்து வீட்டு நாயாக மாறியபோது, கோர்கி போன்ற குட்டைக்கால் இனங்களோடும் வேறு சிறிய டெரியர்களோடும் கலந்தார்கள். பிறகு இந்தக் குட்டை வடிவத்தை ஒரே சீராக வளர்த்துத் தனி இனமாக்கியதில் ஆஸ்திரேலியாவுக்குப் பெரும் பங்கு உண்டு. ஜாக் ரஸ்ஸல் பிறந்தது இங்கிலாந்தில், வளர்ந்தது ஆஸ்திரேலியாவில் என்று சொல்வது அதனால்தான்.

38 செ.மீ. உயர நாயையும் ஜாக் ரஸ்ஸல் என்கிறார்களே. ஏன் இந்தக் குழப்பம்?

பெயர்கள் பலமுறை கைமாறியதால். பிரிட்டனின் கென்னல் கிளப் 1990-ல் நீண்ட கால் வகையை பார்சன் ஜாக் ரஸ்ஸல் டெரியர் என்ற பெயரில் ஏற்றது. 1999-ல் அதிலிருந்து ஜாக் போய், பார்சன் ரஸ்ஸல் ஆயிற்று. குட்டைக்கால் ஜாக் ரஸ்ஸலுக்கு அங்கே அங்கீகாரம் கிடைத்தது 2016-ல்தான். அமெரிக்கன் கென்னல் கிளப்போ நீண்ட கால் வகைக்கு முதலில் ஜாக் ரஸ்ஸல் என்றே பெயர் வைத்து, 2003-ல் பார்சன் ரஸ்ஸல் என்று மாற்றியது. குட்டை வகையை 2012-ல் வெறும் ரஸ்ஸல் டெரியர் என்று ஏற்றது.

இதற்கு வெளியே, வேலை செய்யும் நாய்களை மட்டுமே மதிக்கும் சங்கங்கள் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் உண்டு. அவற்றின் கணக்கில் 10 அங்குலம் முதல் 15 அங்குலம்வரை, அதாவது 25 முதல் 38 செ.மீ.வரை, எல்லாமே ஜாக் ரஸ்ஸல். கண்காட்சிக்கு என்று வளர்த்தால் வேலைத் திறன் போய்விடும் என்பது அவர்களின் பயம். அந்தப் பயத்தில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஆனால் வாங்கப் போகும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு: விளம்பரத்தில் இருக்கும் பெயரை நம்பாதீர்கள். தாயும் தகப்பனும் எத்தனை செ.மீ. என்று கேளுங்கள்.

குணத்தில் என்ன வித்தியாசம்?

எல்லோரும் முதலில் கேட்பது இதுதான். பெரிய வித்தியாசத்தை எதிர்பார்த்து வந்தால் ஏமாந்துபோவீர்கள். துணிச்சல், கூர்மையான அறிவு, எதையும் தானே முடிவுசெய்யும் பழக்கம், ஆரம்பித்ததை விடாத பிடிவாதம், தன் ஆட்களிடம் உருகும் பாசம் எல்லாம் இரண்டிலும் ஒன்றுதான். தரைக்கடியில், இருட்டில், எசமானின் குரல் கேட்காத இடத்தில் வேலை செய்த பரம்பரை அது. "என்ன செய்யட்டும்?" என்று திரும்பிப் பார்க்கும் நாய் அங்கே பயன்படாது. அதனால் நீங்கள் கூப்பிட்டதும் லாப்ரடார் போல ஓடிவராது. கூப்பிட்டது காதில் விழும், ஒரு நொடி யோசிக்கும், பிறகு முடிவெடுக்கும்.

இருந்தாலும், பல வருடம் கூடவே இருந்து பார்த்ததில் சில நுட்பமான வேறுபாடுகள் தெரிகின்றன. ஹேசலுக்குத் தூரம் வேண்டும். வயலைக் கண்டால் நேர்கோட்டில் கடைசி வேலிவரை ஓடித் திரும்பி வந்தால்தான் அவள் முகத்தில் நிம்மதி. வீட்டுக்குள் வந்ததும் படுத்துத் தூங்கிவிடுவாள். சிட்டுக்குத் தூரம் முக்கியமில்லை, காரியம்தான் முக்கியம். பத்தடிக்கு ஒரு புதர், ஒவ்வொரு புதருக்கும் ஒரு விசாரணை. வீட்டுக்கு வந்த பிறகும் அவள் வேலை முடியாது: வாசலில் யார், ஜன்னலுக்கு வெளியே என்ன, சோபா இடுக்கில் போன பந்து எங்கே. குரலும் ஜாக்குகளுக்குக் கொஞ்சம் அதிகம் என்பது என் அனுபவம். இரண்டு நாய்களை வைத்து ஓர் இனத்தையே அளந்துவிட முடியாது, அதுவும் எனக்குத் தெரியும். ஆனால் இந்த ஊர் வயல்களில் பார்க்கும் மற்ற பார்சன்களும் ஜாக்குகளும் இந்தப் படத்தை மாற்றவில்லை.

அதிக வேறுபாடு இனத்துக்குள்ளேதான் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக வேலை செய்த பண்ணை நாயின் குட்டிக்கும், நாலு தலைமுறையாக வீட்டில் வளர்ந்த நாயின் குட்டிக்கும் உள்ள இடைவெளி, பார்சனுக்கும் ஜாக்குக்கும் உள்ள இடைவெளியைவிடப் பெரிது.

சின்ன நாய்தானே, ஃப்ளாட்டுக்கு ஜாக் போதாதா?

உயரம் குறைந்தால் வேலையும் குறையும் என்ற எண்ணம்தான் இந்த இனத்துக்கு மிகப் பெரிய தீங்கு செய்கிறது. 5 கிலோ நாய் மடியில் அடங்கும். அதன் மனசு அடங்காது. தினமும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாத நடை, நடுவில் மோப்பம் பிடிக்கவும் தேடவும் ஏதாவது விளையாட்டு என்று கொடுத்தால் ஃப்ளாட்டிலும் நன்றாக இருக்கும். நான் ஒரு பழைய துண்டுக்குள் கோழித் துண்டுகளை வைத்து முடிச்சுப் போட்டுக் கொடுப்பேன். பத்து நிமிடம் அந்த முடிச்சோடு போராடுவது அவளுக்கு அரை மணி நடைக்குச் சமம். இது எதுவும் கிடைக்காத நாய் கதவுச் சட்டத்தைக் கடிக்கும், நாள் முழுக்கக் குரைக்கும், கடைசியில் காப்பகத்துக்குப் போகும். அங்கே போகும் ஜாக்குகளில் பலவற்றின் கதை இதுதான்.

உறுதிக்கும் உயரத்துக்கும் தொடர்பில்லை என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். 1979 முதல் 1982வரை பிரிட்டிஷ் சாகசப் பயணி ரானல்ஃப் ஃபைன்ஸ் குழுவினர் இரு துருவங்களின் வழியாக உலகைச் சுற்றினார்கள். அவர்களோடு தென் துருவத்தையும் வட துருவத்தையும் மிதித்த நாய் போத்தி, ஒரு ஜாக் ரஸ்ஸல்.

குழந்தைகள் இருக்கும் வீட்டுக்குச் சரிவருமா?

ஏழெட்டு வயதுக்கு மேற்பட்ட, நாயை மதிக்கத் தெரிந்த குழந்தைகளோடு இரண்டுமே அருமையான துணை. பந்து போடும் கை ஓய்ந்தாலும் நாய் ஓயாது. தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் நான் யோசிப்பேன். வாலைப் பிடித்து இழுத்தால் பொறுத்துக்கொள்ளும் சுபாவம் டெரியருக்குக் குறைவு. முதலில் உறுமும், விலகிப் போகும். அந்த உறுமலை அதட்டி அடக்கிவிட்டால், அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமல் கடிக்கும். பார்சன் கொஞ்சம் உயரம் என்பதால் துள்ளும்போது சின்னக் குழந்தையைத் தள்ளிவிடவும் வாய்ப்பு உண்டு.

பூனை, முயல், வேறு நாய்கள்?

முயல், வெள்ளெலி, கினிப் பன்றி: வேண்டாம். எவ்வளவு பழக்கினாலும் வேண்டாம். குட்டியிலிருந்து கூடவே வளர்ந்த பூனையோடு சமாதானமாக இருக்கலாம், ஆனால் அதே நாய் அடுத்த வீட்டுப் பூனையைத் துரத்தும். நாய்களில், ஒரே பாலின டெரியர்கள் இரண்டை ஒரே வீட்டில் வைப்பது சண்டைக்கு வழி. ஆணும் பெண்ணுமாக வைத்தால் பெரும்பாலும் ஒத்துப்போகும். தன்னைவிட நாலு மடங்கு பெரிய நாயிடமும் பின்வாங்காத இனம் இது. அதனால் பின்வாங்க வேண்டியது கயிற்றைப் பிடித்திருக்கும் நாம்தான்.

தோண்டுவதை நிறுத்த முடியுமா?

முடியாது. டெரியர் என்ற பெயரே மண்ணைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. தோட்டத்தில் ஒரு மூலையை ஒதுக்கி மணல் கொட்டி, அதில் பொம்மையைப் புதைத்து வையுங்கள். மற்ற இடம் ஓரளவு தப்பிக்கும். வேலியின் அடியில் கம்பி வலையை ஒரு முழ ஆழம் புதைப்பது நல்லது.

ஆபத்து தோட்டத்துக்கு வெளியே இருக்கிறது. சிட்டுக்கு மூன்று வயதிருக்கும்போது ஒரு மாலை, புதருக்குள் போனவள் திரும்பவில்லை. தேடிப் போனால் ஒரு வளை, உள்ளேயிருந்து மங்கலாகக் குரைப்பு. நாற்பது நிமிடம் மண்ணில் முகம் வைத்துக் கூப்பிட்டேன். வெளியே வந்தபோது கண் இமை தெரியாத அளவுக்குச் செம்மண், மூக்கில் ஒரு கீறல், உடம்பெல்லாம் நடுக்கம். அது பேட்ஜர் என்ற காட்டு விலங்கின் வளை என்று பிறகுதான் தெரிந்தது. அந்த வளைகளுக்கு இங்கே 1992-ம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு, நாய் உள்ளே இருக்கிறது என்று நாமாக மண்வெட்டி எடுக்கக் கூடாது. அன்றிலிருந்து புதர்ப் பக்கம் நீளக் கயிறு இல்லாமல் விடுவதே இல்லை. பார்சன் வளர்ப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன். கால் நீளம் என்பதால் நுழையாது என்று நினைக்க வேண்டாம், மார்பு நுழைந்தால் நாய் நுழையும்.

வால் ஏன் சில நாய்களுக்குக் குட்டையாக இருக்கிறது?

முன்பு வாலை வெட்டுவார்கள். வளைக்குள் சிக்கிய நாயை இழுக்கப் பிடி வேண்டும் என்று ஒரு கை அகலம் விட்டுவைப்பார்கள். இங்கிலாந்தில் 2007 முதல், வேலைக்குப் போகும் நாய்களுக்கு மட்டும் கால்நடை மருத்துவர் செய்யலாம் என்ற விலக்கோடு, அது தடைசெய்யப்பட்டிருக்கிறது.

முடி கொட்டுமா?

கொட்டும். வழவழப்பான முடி, சொரசொரப்பான முடி, இரண்டுக்கும் நடுவில் ஒன்று என மூன்று வகையாகச் சொல்வார்கள். வழவழப்பு வகையில் வெள்ளை முடி ஊசி போல எல்லாத் துணியிலும் குத்தி நிற்கும். சொரசொரப்பு வகையை வருடம் இரண்டு முறை கையால் பிடுங்க வேண்டும். முதிர்ந்த முடி வலிக்காமல் வரும். கத்தரித்தால் முடியின் உறுதி போய் மழை உள்ளே இறங்கும்.

என்னென்ன நோய்கள் வரும்? எத்தனை வருடம் இருக்கும்?

பொதுவாகத் திடமான நாய்கள். லண்டனின் ராயல் வெட்டரினரி கல்லூரி ஆய்வாளர்கள் 2022-ல் வெளியிட்ட ஆயுள் கணக்கில், பார்த்த 18 இனங்களில் முதலிடம் ஜாக் ரஸ்ஸலுக்கு, சராசரி 12.7 ஆண்டு. பதினைந்தைத் தாண்டும் நாய்களும் உண்டு.

கவனிக்க வேண்டியவற்றில் முதலாவது கண். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸைப் பிடித்திருக்கும் நார்கள் அறுந்து லென்ஸ் இடம் நகர்வது இந்தக் குடும்பத்தில் பரம்பரையாக வருகிறது. கண் சிவந்து, கலங்கி, நாய் கண்ணைச் சுருக்கினால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். ஒரு நாள் தாமதம் பார்வையைக் கொண்டுபோய்விடும். இதற்கு மரபணுச் சோதனை உண்டு. தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் குறை வந்தால்தான் பெரும்பாலும் நோய் வரும், ஆகவே இரண்டு பேரின் முடிவுச் சீட்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். அடுத்தது தள்ளாட்டம்: சில மாதக் குட்டியிலேயே நடை குலைந்து, காலை வீசி வீசிப் போடும் பரம்பரை நோய். இதற்கும் மரபணுச் சோதனை உண்டு. வெள்ளை அதிகமுள்ள நாய்களில் பிறவிச் செவிட்டுத்தன்மையும் கொஞ்சம் வரும், அதற்குக் குட்டிப் பருவத்திலேயே செவிச் சோதனை செய்யலாம். குட்டையான ஜாக்குகளில் முழங்கால் சில்லு நழுவுவதையும் பார்க்கிறோம். மூன்று காலில் நாலு அடி துள்ளிவிட்டு மறுபடி சரியாக நடந்தால் அதுவாக இருக்கலாம்.

குட்டி பார்க்கப் போகும்போது என்ன செய்யணும்?

தாயோடு சேர்த்துப் பாருங்கள். இங்கிலாந்தில் 2020 ஏப்ரலிலிருந்து, ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியை வளர்த்தவரிடம் நேரடியாகவோ காப்பகத்திலிருந்தோதான் வாங்கலாம், இடையில் வியாபாரி கூடாது. தாய் உங்களைப் பார்த்து எப்படி நடந்துகொள்கிறாள் என்பதுதான் குட்டியின் குணத்துக்கு முதல் சாட்சி. வந்து மோந்து பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனால் நல்லது. மூலையில் ஒடுங்கினாலோ விடாமல் உறுமினாலோ அந்த இடத்தை விட்டு வாருங்கள், குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும்.

அண்ணன் மகளுக்கு எதை வாங்கச் சொன்னீர்கள்?

அவள் இருப்பது இரண்டாம் மாடி. வேலைக்குக் காலை எட்டு மணிக்குப் போனால் ஆறுக்குத்தான் வருவாள். இப்போதைக்கு இரண்டும் வேண்டாம் என்றேன். வருத்தப்பட்டாள். அடுத்த வருடம் வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று சொல்லியிருக்கிறார்களாம், அப்போது ஒரு ஜாக், அதுவும் காப்பகத்தில் நாலைந்து வயதில் காத்திருக்கும் ஒன்று, அவளுக்குச் சரியாக அமையும் என்று நினைக்கிறேன். அவள் நீண்ட தூரம் ஓடுகிறவளாக இருந்திருந்தால் பார்சன் என்று சொல்லியிருப்பேன். இந்தச் சனிக்கிழமை இங்கே வருகிறாள். ஞாயிறு காலை ஆறு மணி நடைக்கு, மழை பெய்தாலும், சிட்டின் கயிற்றை அவள் கையில் கொடுக்கப் போகிறேன்.